ஆல்-இன் கணக்கு: போக்கர் டோர்னமென்ட் ஆடுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஒன்பது பேர். பணம் கிடையாது. முதல் மூன்று இடத்துக்கு 50, 30, 20 புள்ளி. வருடக் கடைசியில் அதிகப் புள்ளிக்காரருக்கு மற்றவர்கள் சேர்ந்து விருந்து வைக்க வேண்டும். ஆட்டம் நோ-லிமிட் டெக்சாஸ் ஹோல்டெம்: கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் டீ ஆறிப்போவதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியில், பதில் என்னுடையது.

ஆல்-இன்னா இருக்கிற எல்லாத்தையும் வைக்கிறது, அவ்வளவுதானே? இதுல கணக்கு எங்க வருது?

வைப்பது அவ்வளவுதான். ஆனால் வைத்த பிறகு உங்களுக்கு முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. மிச்சச் சீட்டெல்லாம் தானாகத் திறக்கும், பெரிய கை ஜெயிக்கும். மற்ற நேரங்களில் “அடுத்த சீட்டில் அவன் என்ன செய்வான், நான் என்ன செய்வேன்” என்று கிளை கிளையாகப் பிரியும். ஆல்-இன்னில் அந்தக் கிளைகளே கிடையாது. அதனால்தான் போக்கரில் சுத்தமாகக் கணக்குப் போடக்கூடிய இடம் இது ஒன்றுதான் என்று நான் சொல்வேன்.

ஒரு விஷயம் மட்டும் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஆபத்தில் இருப்பது எப்போதும் சின்ன ஸ்டேக்கின் (ஒருவர் முன்னால் இருக்கும் மொத்தச் சிப், அதாவது ஆட்ட வில்லைகள்) அளவுதான். உங்களிடம் 30,000, எதிராளியிடம் 8,000 என்றால் பேச்சு 8,000-த்தைப் பற்றி. மீதி 22,000 உங்கள் பக்கமே நிற்கும்.

ஒருத்தர் ஆல்-இன் போட்டுட்டார். கால் பண்ணலாமா வேண்டாமான்னு எப்படிப் பார்க்கிறது?

கால் என்றால் அவர் வைத்த அளவுக்கு நீங்களும் வைப்பது, ஃபோல்ட் என்றால் விலகுவது, பாட் என்றால் நடுவில் சேர்ந்திருக்கும் மொத்தப் பந்தயம். நீங்கள் போடவேண்டிய தொகையை, நீங்கள் போட்டபின் பாட்டில் இருக்கப்போகும் மொத்தத்தால் வகுங்கள். வருவதுதான் உங்களுக்குத் தேவையான குறைந்தபட்ச வெற்றி வாய்ப்பு.

பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகை; சின்னது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட்) 500/1,000. பிக் பிளைண்டில் இருப்பவர் எல்லாருக்கும் சேர்த்து 1,000 ஆன்டி (இன்னொரு கட்டாயத் தொகை) வைக்கிறார். நீங்கள்தான் பிக் பிளைண்ட். பட்டனில் (சீட்டுப் போடுபவரின் இடத்தில்) இருப்பவர் தன்னிடமுள்ள 8,000-த்தையும் தள்ளுகிறார், அதாவது ஆல்-இன் போடுகிறார், ஸ்மால் பிளைண்ட் விலகிவிட்டார். பாட்டில் 8,000 + 500 + 1,000 + 1,000 = 10,500. நீங்கள் இன்னும் 7,000 போட வேண்டும். 7,000 / 17,500 = 40%. நூறு தடவையில் நாற்பதுக்கு மேல் ஜெயிக்கும் கையானால் கால், இல்லையென்றால் ஃபோல்ட்.

இங்கே எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில்: “ஏற்கெனவே 2,000 போட்டுட்டேனே!” அது உங்கள் காசு இல்லை. பாட்டில் விழுந்த நொடியிலேயே அது பாட்டின் காசு. கணக்கில் அது 10,500-க்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. இரண்டாவது தடவை வருத்தப்பட வேண்டியதில்லை.

40% வேணும்னு தெரிஞ்சுது. என் கைக்கு எத்தனை சதவீதம்னு யார் சொல்லுவா?

அஞ்சாறு எண்களை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிட்டால் போதும். பெரிய ஜோடிக்கு எதிரே சின்ன ஜோடி: 80-க்கு 20, கொஞ்சம் முன்பின். ஏஸ்-கிங்குக்கு எதிரே ஏஸ்-குயின்: நாலில் மூன்று தடவை ஏஸ்-கிங். குயின் ஜோடிக்கு எதிரே ஏஸ்-5 மாதிரி ஒரே ஒரு பெரிய சீட்டு: 70-க்கு 30. இரண்டு பெரிய சீட்டுக்கு எதிரே இரண்டு சின்னச் சீட்டு: 60-க்கு 40-ஐ ஒட்டி. குயின் ஜோடிக்கு எதிரே ஏஸ்-கிங்: 57-க்கு 43, ஏஸ்-கிங் ஒரே சூட்டாக (ஒரே சின்னமாக) இருந்தால் 46 வரை ஏறும்.

ஏஸ் ஜோடி எந்த இரண்டு சீட்டுக்கு எதிராகவும் சராசரியாக 85%. மேசையிலேயே மோசமான கை என்று எல்லாரும் சிரிக்கும் 7-2 கூட அதற்கு எதிராக 12% ஜெயிக்கும். எட்டில் ஒரு தடவை!

ஏஸ்-கிங் ராஜா கைன்னு சொல்றாங்க, குயின் ஜோடிகிட்ட ஏன் 43 தான்?

குயின் ஜோடி ஏற்கெனவே ஜோடி. ஏஸ்-கிங் இன்னும் ஒன்றுமே இல்லை, ஏதாவது வந்தாக வேண்டும். தெரிந்த நான்கு சீட்டைக் கழித்தால் கட்டில் 48. அதில் ஏஸ் மூன்று, கிங் மூன்று. ஐந்து சீட்டு திறக்கும்போது இந்த ஆறில் ஒன்றாவது வருவதற்கு வாய்ப்பு ஏறத்தாழ சரிபாதி. வந்தும் சில நேரம் கூடவே ஒரு குயின் இறங்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். வராமலும் சில நேரம் ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு), ஃப்ளஷ் (ஒரே சூட்டில் ஐந்து சீட்டு) என்று தப்பிக்கும். கூட்டிக் கழித்தால் 43.

ஏஸ்-கிங்கின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது: சாதாரணமாக யாரும் மோதும் கைகளில் ஏஸ் ஜோடியும் கிங் ஜோடியும் மட்டும்தான் அதை நசுக்கும். உங்கள் கையிலேயே ஒரு ஏஸும் ஒரு கிங்கும் இருப்பதால் அந்த இரண்டும் எதிராளிக்குக் கிடைப்பதும் பாதியாகக் குறைகிறது.

எதிராளி சீட்டு எனக்குத் தெரியாதே! 43-ஆ 74-ஆன்னு எப்படிச் சொல்றது?

ஒரு சீட்டை யூகிக்காதீர்கள். அவர் எந்தெந்தக் கைகளைத் தள்ளுவார் என்று ஒரு கூட்டத்தை யூகியுங்கள். ரேஞ்ச் என்பது அதுதான். மொத்தம் 1,326 விதமாக இரண்டு சீட்டு வரலாம். எந்த ஜோடியானாலும் 6 விதம். ஏஸ்-கிங் மாதிரி ஜோடியில்லாதது 16 விதம், அதில் 4 ஒரே சூட்.

எங்கள் மேசையில் வயதான ஒருவர் இருக்கிறார். 10 ஜோடியோ அதற்கு மேலோ, இல்லை ஏஸ்-கிங்கோ வந்தால்தான் தள்ளுவார். ஐந்து ஜோடிக்கு 30, ஏஸ்-கிங்குக்கு 16, ஆக 46 விதம். மொத்தத்தில் மூன்றரை சதவீதம். இப்போது முன்பு சொன்ன அதே பிக் பிளைண்ட், தள்ளியது இவர், உங்கள் கையில் ஏஸ்-குயின். பார்க்க லட்சணமான கை. உங்களிடம் ஒரு ஏஸும் ஒரு குயினும் இருப்பதால் அவருக்கு ஏஸ் ஜோடி 3 விதமாகவும், குயின் ஜோடி 3 விதமாகவும், ஏஸ்-கிங் 12 விதமாகவும் குறைகிறது. கிங், ஜாக், 10 ஜோடிகள் மாறாமல் 6, 6, 6. மொத்தம் 36.

ஏஸ் ஜோடியிடம் உங்களுக்கு 7%, கிங் ஜோடியிடம் 28, குயின் ஜோடியிடம் 30, ஜாக்கிடமும் பத்திடமும் 43, ஏஸ்-கிங்கிடம் 25 சொச்சம். அந்தந்த விதங்களால் பெருக்கிச் சராசரி பார்த்தால் 31-ஐத் தாண்டாது. தேவை 40. ஃபோல்ட். அதே ஏஸ்-குயின், தள்ளியவர் சீட்டைப் பார்க்காமலே தள்ளுகிற பையன் என்றால் 64%, யோசிக்காமல் கால். கை ஒன்றுதான், பாட்டும் ஒன்றுதான். தள்ளிய ஆள் மாறினார், பதிலும் மாறிவிட்டது.

கால் பண்றதைவிட தள்றவனுக்குத்தான் லாபம்னு சொல்றீங்களே, எப்படி?

கால் செய்பவர் ஜெயிக்க ஒரே வழி, சீட்டில் ஜெயிப்பது. தள்ளுபவருக்கு இரண்டு வழி: எல்லாரும் விலகினாலும் ஜெயம், கால் வந்தாலும் சீட்டில் ஜெயிக்க வாய்ப்பு. முதல் வழிக்கு ஃபோல்ட் ஈக்விட்டி என்று பெயர்.

அதே பிளைண்ட். நீங்கள் ஸ்மால் பிளைண்டில், 500 போட்டபின் கையில் 9,500. எல்லாரும் விலகி உங்களிடம் வந்திருக்கிறது. எதிரே பிக் பிளைண்ட் மட்டும், அவரிடம் உங்களைவிட அதிகம். உங்கள் கை சுமார்தான். கால் வந்தால் 35% என்று வைப்போம். விலகினால் 9,500 மிஞ்சும். தள்ளினால், அவர் விலகும்போது 9,500-உடன் பாட்டில் கிடக்கும் 2,500 சேர்ந்து 12,000. அவர் கால் செய்தால் மொத்தப் பாட் 21,000; அதில் 35% என்றால் 7,350.

அவர் நூற்றில் 30 தடவை கால் செய்வார் என்றால் சராசரி 10,605. விலகுவதைவிட 1,105 அதிகம், ஒரு பிக் பிளைண்டுக்கும் மேல். தோற்கப்போகிற கையை வைத்துக்கொண்டு! பாதித் தடவை கால் செய்தாலும் 9,675, இன்னும் லாபம்தான். 54 தடவையைத் தாண்டினால்தான் நஷ்டம். (இதில் ஒரு சின்ன ஏமாற்று உண்டு: அவர் அதிகமாகக் கால் செய்யச் செய்ய மோசமான கைகளோடும் வருவார், உங்கள் 35 கொஞ்சம் ஏறும். ஆக உண்மையான எல்லை 54-க்கும் சற்று மேலேதான்.)

எத்தனை சிப் இருக்கும்போது இந்தத் தள்ளல் வேலையை ஆரம்பிக்கணும்?

சிப்பை எண்ணாதீர்கள், பிளைண்டை எண்ணுங்கள். பத்துப் பன்னிரண்டு பிக் பிளைண்டுக்குக் கீழே வந்துவிட்டால், முதலில் பாட்டுக்குள் நுழைவது நீங்களாக இருந்தால், தள்ளுவது அல்லது விலகுவது என்று இரண்டு வழி மட்டும் வைத்துக்கொள்வது பெரும்பாலும் சரி. மூன்று பிளைண்டுக்குச் சின்னதாக ஏற்றிவிட்டு, எதிராளி தள்ளியதும் விலகுவது இருக்கிற சிப்பில் கால்வாசியைத் தானம் செய்வது.

இன்னொரு அளவு ‘எம்’. பேக்கேமன் ஆட்டத்தில் பெயர் பெற்ற பால் மக்ரீலின் பெயரிலிருந்து வந்த எழுத்து. ஒரு சுற்றுக்கு மேசை உங்களிடம் பிடுங்கும் தொகையால் உங்கள் சிப்பை வகுக்க வேண்டும். மேலே சொன்ன மேசையில் சுற்றுக்கு 2,500. பத்தாயிரம் வைத்திருப்பவருக்கு எம் 4. சும்மா உட்கார்ந்திருந்தால் நான்கு சுற்றில் காலி என்று அர்த்தம்.

“நல்ல கை வரட்டும்” என்று மூன்று பிளைண்ட் வரை கரைய விடுகிறவர்கள்தான் அதிகம். மூன்று பிளைண்டைத் தள்ளினால் யார் பயப்படுவார்கள்? முந்தின பதிலில் சொன்ன முதல் வழியே அடைபட்டுவிடும். 1982 உலகப் போக்கர் தொடரில் ஜாக் ஸ்ட்ராஸ் ஒரே ஒரு 500 சிப்பிலிருந்து எழுந்து ஜெயித்த கதையை லாஸ் வேகஸில் இன்னும் சொல்கிறார்கள். ஆல்-இன் என்று வாய்விட்டுச் சொல்லாததால் அந்த ஒரு சிப் அவருக்கு மிஞ்சியதாம். கதை அருமை. அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஃப்ளாப்ல நாலு ஹார்ட்டின் ஆயிடுச்சு. ஃப்ளஷ் வரும்னு ஆல்-இன் கால் பண்ணலாமா?

ஃப்ளாப் என்பது மேசையில் முதலில் திறக்கும் மூன்று சீட்டு. 13 ஹார்ட்டினில் நாலு போக உங்களுக்கு உதவும் சீட்டு 9. இரண்டு சீட்டு வர வேண்டியிருந்தால் நான்கால் பெருக்குங்கள், 36, துல்லியமாக 35. ஒரே சீட்டு மிச்சமென்றால் இரண்டால் பெருக்குங்கள். பாட்டில் 6,000, எதிராளி தன் கடைசி 4,000-த்தையும் போடுகிறார் என்றால் 4,000 / 14,000, அதாவது 28.6% போதும். 35 இருக்கிறது, கால்.

நான்கால் பெருக்குவது ஆல்-இன்னுக்கு மட்டும்தான். இன்னும் சிப் மிச்சமிருந்தால் அடுத்த சீட்டில் அவர் மறுபடி பந்தயம் போட்டு உங்களை விரட்டலாம். இரண்டு சீட்டையும் நீங்கள் பார்ப்பீர்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மேசையில உக்காந்துகிட்டு இதெல்லாம் மனசுல வகுக்க முடியுமா?

முழுசாக வகுக்க வேண்டாம். பாட்டில் பாதிக்குப் பந்தயம் வந்தால் 25%, பாட் அளவுக்கு வந்தால் 33%, பாட்டைப் போல இரண்டு மடங்கு வந்தால் 40%. இந்த மூன்றுக்கு நடுவே கண்மதிப்பாகச் சொன்னால் ஒன்றிரண்டுதான் தப்பும். விலகிவிட்டுச் சும்மா இருக்கும் கைகளில் மற்றவர்களின் பாட்டை எண்ணிப் பழகுங்கள்.

மூணு பேர் ஆல்-இன் ஆயிட்டா?

3,000, 8,000, 12,000 என்று மூன்று பேர். முதன்மைப் பாட் 9,000, அதற்கு மூவரும் போட்டி. பக்கப் பாட் 10,000, அதற்குப் பின்னிருவர் மட்டும். 12,000 வைத்தவருக்கு 4,000 திரும்பிவிடும். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரின் வாய்ப்பும் சுருங்கும்: ஏஸ் ஜோடியே ஒருவருக்கு எதிரே 85, இருவருக்கு எதிரே 73, எட்டுப் பேருக்கு எதிரே வெறும் 35.

டோர்னமென்ட்ல கணக்கு வேறன்னு ஏன் சொல்றீங்க? சிப் சிப்தானே?

இதுதான் பலருக்கும் புரிய நாளாகும் இடம், எனக்கும்தான். கேஷ் ஆட்டத்தில் சிப்பை எழுந்துபோய்க் காசாக்கலாம். டோர்னமென்ட்டில் முடியாது, எந்த இடத்தில் முடித்தீர்கள் என்பதற்குத்தான் பரிசு. எல்லாச் சிப்பையும் வாரினாலும் முதல் பரிசுதான், மொத்தப் பரிசும் கிடைக்காது. அதனால் ஜெயிக்கிற சிப்பைவிட இழக்கிற சிப்புக்கு விலை அதிகம்.

எங்கள் மேசையையே எடுங்கள். பரிசு 50, 30, 20. நான்கு பேர் மிச்சம், ஆளுக்கு 2,500. நால்வரும் சமம் என்பதால் ஆளுக்கு 25 புள்ளி மதிப்பு. இப்போது இருவர் ஆல்-இன் மோதி ஒருவர் வெளியேறுகிறார். ஜெயித்தவரிடம் 5,000, சிப் இரட்டிப்பு. மதிப்பும் 50 ஆகிவிட்டதா? முதலிடம் வர 1/2, இரண்டாமிடம் 1/3, மூன்றாமிடம் 1/6. பெருக்கிக் கூட்டினால் 38.33. ஆக 25-ஐப் பணயம் வைத்து 13.33 சம்பாதித்தார். கால் செய்யத் தேவை 25 / 38.33, அதாவது 65%. பிளைண்டைக் கணக்கில் எடுக்காத எண் இது. ஆனாலும் பாட் கணக்குப்படி பாதி போதும் என்ற இடத்தில் 65!

மிச்ச 11.67 எங்கே போனது? விலகி உட்கார்ந்து வேடிக்கை பார்த்த இருவருக்கும் ஆளுக்கு 5.83 போய்ச் சேர்ந்தது. சண்டை போட்டது நீங்கள், சுண்டல் அவர்களுக்கு. இந்தக் கணக்குக்கு ஐசிஎம் (இண்டிபெண்டன்ட் சிப் மாடல்) என்று பெயர். அடியில் இருக்கும் சூத்திரம் குதிரைப் பந்தயத்துக்காக டேவிட் ஹார்வில் 1973-இல் எழுதியது. 1987-இல் மேசன் மால்முத் போக்கருக்குக் கொண்டுவந்தார்.

அப்போ பபிள்ல யாரும் ஆல்-இன்னே போடக்கூடாதா?

பபிள் என்றால் இன்னும் ஒருவர் வெளியேறினால் மிச்சப் பேருக்கெல்லாம் பரிசு என்ற கட்டம். பதில் நேர்மாறு. 65% தேவைப்படுவது கால் செய்பவருக்கு. எதிராளி சீட்டைப் பார்க்காமலே தள்ளினாலும் ஏஸ்-கிங்குக்குக் கிடைப்பது 65-ஐ ஒட்டித்தான், அதாவது விளிம்பில். இது தெரிந்த எதிராளி ஏகப்பட்ட கைகளை விலக்குவார். அப்படியானால் முதலில் தள்ளுகிறவருக்கு ஃபோல்ட் ஈக்விட்டி கொட்டுகிறது. பபிளில் பெரிய ஸ்டேக்காரர் மேசையையே மிரட்டுவது துணிச்சலால் இல்லை, இந்த எண்ணால்.

ஒரே நிபந்தனை: எதிராளிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் ஏஸ்-8 வைத்துக் கால் செய்துவிட்டால் இரண்டு பேருக்கும் நஷ்டம்.

சாட்டிலைட்ல ஏஸ் ஜோடியையே ஃபோல்ட் பண்ணிடணும்னு சொல்றாங்க. இது நக்கலா?

நக்கல் இல்லை. சாட்டிலைட்டில் பரிசு பெரிய போட்டிக்கான டிக்கெட், ஜெயித்த எல்லாருக்கும் ஒரே டிக்கெட். பத்து டிக்கெட், பதினொரு பேர் மிச்சம், உங்களிடம் நிறையச் சிப், இருவரிடம் ஒரு பிளைண்ட்கூட இல்லை என்றால் சும்மா இருந்தாலே டிக்கெட் கிட்டத்தட்ட உறுதி. உங்களைவிடப் பெரிய ஸ்டேக்காரரின் ஆல்-இன்னை ஏஸ் ஜோடியோடு கால் செய்தால் 85. உறுதியானதை விட்டு 85-க்கு ஏன் போக வேண்டும்?

2003-இல் கிறிஸ் மணிமேக்கர் ஆன்லைன் சாட்டிலைட் வழியாகத்தான் உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்குள் வந்தார். நுழைவு 10,000 டாலர். 839 பேரைக் கொண்ட அந்தப் போட்டியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அதன்பின் உலகமே சாட்டிலைட் ஆடத் தொடங்கியது.

எல்லாம் சரியா பண்ணியும் ஏஸ் ஜோடி மூணு தடவை கிங் ஜோடிகிட்ட தோத்துச்சு. கணக்கு பொய்யா?

18% மூன்று தடவை தொடர்ந்து நடக்க ஏறத்தாழ 170-இல் ஒரு வாய்ப்பு. நிறைய ஆடுகிறவருக்கு நடந்தே தீரும். இதைவிட உறைக்கும் எண் ஒன்று: ஒவ்வொரு தடவையும் 80% சாதகத்தோடு ஐந்து ஆல்-இன் போனால், ஐந்திலும் தப்ப வாய்ப்பு 33% தான். அதனால்தான் எதிராளியைவிட அதிகச் சிப்போடு மோதுவது பெரிய விஷயம். தோற்றாலும் நாற்காலி மிஞ்சும்.

நாஷ் சார்ட்டைப் பார்த்து ஆடினா போதும்னு பையன் சொல்றான். போதுமா?

நாஷ் சார்ட் என்பது எத்தனை பிளைண்ட் இருந்தால் எந்தக் கையைத் தள்ளலாம், எதைக் கால் செய்யலாம் என்ற பட்டியல். நல்ல தொடக்கம். இருவர் மட்டும் மிச்சம், பத்து பிளைண்ட் என்றால் அந்தச் சார்ட் ஸ்மால் பிளைண்டைப் பாதிக்கும் மேலான கைகளைத் தள்ளச் சொல்லும். எதிரே இருப்பவரை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கால் செய்யச் சொல்லும். முதல் தடவை பார்த்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அது எதிராளியும் அதே சார்ட்டைப் படித்தவர் என்று வைத்துப் போட்டது. விலகவே மாட்டேன் என்கிறவரிடம் சுமார் கைகளைத் தள்ளாதீர்கள், நல்ல கையைத் தள்ளுங்கள். எதற்கும் விலகுகிறவரிடம் சார்ட்டைவிட அகலமாகத் தள்ளுங்கள். வெறும் சிப் கணக்குக்குப் போட்ட சார்ட்டைப் பபிளில் விரித்தால் கால் பக்கம் முழுக்கத் தப்பாகிவிடும். காரணம் மேலே இருக்கிறது.

இதைக் கத்துக்கிட்டு ஃபோன்ல பணம் வச்சு ஆடலாமா?

இந்தியாவில் கூடாது. தமிழ்நாடு 2022-இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் போட்டது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டாகச் சேர்த்த பகுதியை 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. ஆனால் 2025-இல் வந்த மத்தியச் சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்ப்பதில்லை. ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டம் எல்லாமே அதன் தடைக்குள் அடங்கும். சிப்பை எண்ணி ஆட எங்கள் மேசை மாதிரி ஒன்று போதும்.

நாலு பேர் மிச்சம், என்னைவிடக் கம்மி சிப் வச்சவங்க ரெண்டு பேர் இருக்காங்க, பெரிய ஸ்டேக்காரர் என்மேல தள்றார். அப்பவும் 65 தானா?

இல்லை, இன்னும் ஏறும். பெரியவரிடம் 5,000, உங்களிடம் 3,000, மற்ற இருவரிடம் 1,500-உம் 500-உம். பரிசு அதே 50, 30, 20. ஐசிஎம்படி உங்கள் இப்போதைய மதிப்பு 31.3 புள்ளி. கால் செய்து ஜெயித்து 6,000 ஆனால் 40.6. தேவை 31.3 / 40.6, அதாவது 77%. இரட்டிப்பானதற்குக் கூலி ஒன்பது புள்ளி. தோற்றால் போவது முப்பத்தொன்று. 500 வைத்திருப்பவர் அடுத்த இரண்டு கையில் தானாகவே வெளியேறக்கூடிய நேரத்தில் நீங்கள் முந்திக்கொண்டு வெளியேறுவீர்கள்.

77 எவ்வளவு உயரம் என்றால், பெரியவர் சீட்டைப் பார்க்காமலே தள்ளுகிறார் என்று உங்களுக்குச் சத்தியமாகத் தெரிந்தாலும் ஜாக் ஜோடிதான் எல்லை. அதற்கு எந்தக் கைக்கு எதிராகவும் சராசரியாக 77 சொச்சம். பத்து ஜோடிக்கு 75, ஃபோல்ட்.

போன தீபாவளிக்கு முந்தின ஞாயிறு இதே நிலையில் எனக்கு வந்தது பத்து ஜோடி. இந்தப் பக்கத்தில் பாதியை அதற்குள் எழுதியும் விட்டிருந்தேன். கால் என்றேன். பெரியவர் திறந்தது கிங்-9. நாலாவது சீட்டில் கிங். 500 சிப் வைத்திருந்தவர் மூன்றாமிடத்துக்கான 20 புள்ளியை வாங்கிக்கொண்டார். அந்தக் கையில் அவர் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.